நல்லது கெட்டது தெரிந்த பிள்ளை ஏன் கை ஓங்குகிறான்?

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை வழங்கும் பணியில், “இவனுக்கு நல்லது கெட்டதே தெரியவில்லை” என்று பெற்றோர் மனம் நொந்து சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அது சரியன்று. சக மாணவனை அடித்ததற்காகக் கட்டொழுங்கு ஆசிரியரின் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்த இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கும் மாணவன் ஒருவன், அடிப்பது ஏன் தவறு என்பதை நன்னெறிக் கல்விப் பாடத்தில் படித்தபடியே சொன்னதோடு, அடிபட்டவனின் அம்மா எவ்வளவு வருந்தியிருப்பார் என்றும் தானாகவே சொன்னான்.

நடந்தது இதுதான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரிசையில் யாரோ இடிக்க, அவன் கையிலிருந்த மைலோ பானம் சட்டையில் கொட்டிவிட்டது. அந்த நெரிசலில் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். “இல்ல சார், வேணும்னே இடிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க” என்பதில் அவன் உறுதியாக இருந்தான். நோக்கம் தெளிவாகத் தெரியாத செயலையும் பகையென்றே எடுத்துக்கொள்ளும் இந்தப் போக்கை, முரட்டுத்தனம் மிகுந்த சிறுவர்களிடம் அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். வீட்டில் அடியும் ஏச்சுமாக வளர்ந்த பிள்ளைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துப் பழகிய மனத்துக்கு, இடித்தவனின் முகத்தில் இருந்த பதற்றம் கண்ணில் படுவதில்லை. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வே சோகமாக அன்றி எரிச்சலாக வெளிப்படக்கூடும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

ஒழுக்க வளர்ச்சியை ஆராய்ந்த லாரன்ஸ் கோல்பர்க், 10 முதல் 16 வயது வரையிலான சிறுவர்களிடம் சிக்கலான கதைகளைச் சொல்லி, எது சரி, ஏன் சரி என்று கேட்டார். அமைதியான அறையில் அத்தகைய கேள்விக்குச் செம்மையாக விடை சொல்லும் பிள்ளை, நெஞ்சு படபடக்கும் நொடியில் அதே அறிவை எட்ட முடியாமல் போவதையே நான் நடைமுறையில் காண்கிறேன்.

ஆகவே, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைப்பதை நான் ஏற்பதில்லை. அவமானத்தில் குறுகிப்போன பிள்ளை தன் தவறை எண்ணிப் பார்ப்பதைவிடப் பழியை அடுத்தவர் மீது போடவே முனைகிறான். கோபம் தணிந்த பிறகு, வேண்டுமானால் மறுநாள்கூட, தனியே உட்கார வைத்து, “அவன் இடித்ததற்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம்?” என்று கேளுங்கள். முதலில் “தெரியாது” என்றுதான் பதில் வரும், காத்திருங்கள். அடிபட்டவனுக்கு நேர்ந்ததைப் பேசிய பின், அதை எப்படிச் சரிசெய்வது என்பதை உங்கள் பிள்ளையே சொல்லட்டும். அந்த மாணவன் தேர்ந்தெடுத்தது, யாரும் இல்லாத நேரத்தில் போய்ப் பேசுவதை.

எரிச்சலோடு தூக்கமின்மையும் பள்ளிக்குப் போக மறுப்பதும் வாரக்கணக்கில் நீடித்தால், பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ அரசாங்கக் கிளினிக்கையோ நாடுங்கள். வீட்டில் பிள்ளை அடிபடுகிறான் என்றால் 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசாங்க உதவிச்சேவை எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.