கறுப்பு மட்டும் வரலையா? இங்க் டேங்கை விடுங்க, சுவிட்சைப் பாருங்க

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து முதல் இரண்டு வாரம் என் கடைக்கு வருகிற பிரிண்டர்களுக்கு ஏறக்குறைய ஒரே புகார்தான். கலர் வருது, கறுப்பு வரலை. ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன், தொண்டியில் இருந்து ஏர்வாடி வரைக்கும், அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன் வரைக்கும் வீட்டுக்கே போய் வேலை பார்ப்பதும் உண்டு. எங்கே போனாலும் ஜூனில் இதே கதைதான்.

போன வருடம் கீழக்கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில், பொண்ணு பன்னிரண்டாம் வகுப்பு. அவங்க உம்மாதான் போன் செய்தாங்க. "தம்பி, புது பாட்டில் வாங்கி கழுத்து வரைக்கும் ஊத்தியாச்சு, பிள்ளை கிளீனிங்கும் பதினஞ்சு தடவை போட்டுட்டா, வெள்ளைத்தாள் வெள்ளைத்தாளாவே வருது." போய்ப் பார்த்தால் பிரிண்டரில் எதுவும் உடையவில்லை. கோளாறுக்குக் காரணம் சுவரில் இருந்தது. தினமும் ராத்திரி படுக்கும்போது சுவிட்ச் போர்டில் பட்டென்று அணைப்பது அந்த வீட்டு வழக்கம்.

பிரிண்டரில் இருக்கிற பட்டனை அமுக்கி அணைத்தால் ஹெட் (தாளில் இங்க்கைத் தெளிக்கிற பகுதி) மெதுவாக வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். பேனாவுக்கு மூடி போடுவது மாதிரி. சுவரில் அணைத்தால், அல்லது பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால், ஹெட் பாதி வழியில் மூடி இல்லாமல் நின்றுவிடலாம். அந்த நிலையில் இரண்டு மாதம், அதுவும் அக்கினி நட்சத்திர வெயிலில், பூட்டிய அறைக்குள் கிடந்தால் தலைமுடியைவிட மெல்லிய அந்த ஓட்டைகளில் இங்க் காயாமல் என்ன செய்யும்? கரண்ட் போய் வந்தால் ஒரு தடவை ஆன் செய்து ஹெட் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பட்டனில் அணையுங்கள். அவ்வளவுதான்.

சரி, கறுப்புக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? நிறைய மாடல்களில், உதாரணத்துக்கு கேனான் ஜி வரிசை, ஹெச்பியின் சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்கள், கலர் இங்க் என்பது சாயம், தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்திருக்கும். கறுப்பு அப்படி இல்லை, நுண்ணிய கரித்தூள் தண்ணீரில் மிதக்கிறது. சாயம் காய்ந்தால் ஈரம் பட்டதும் இளகிவிடும், கரி காய்ந்தால் அடை மாதிரி பிடித்துக்கொள்ளும். எழுத்து கறுகறுவென்று, ஈரம் பட்டாலும் கலையாமல் இருப்பதும் அதே கரியால்தான். கறுப்பும் சாயமாகவே இருக்கிற மாடல்களும் உண்டு. அங்கே கறுப்பு நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது குழாயில் காற்று ஏறியதை. டேங்கில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போக விட்டால் காற்றை இழுத்துக்கொள்ளும். எப்சன் எல்210 மாதிரி பழைய மாடல் என்றால் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும், தூக்கிக்கொண்டு போகும்போது இங்க் வழியை அடைப்பதற்கு. வீடு மாறியவர்கள் அதைத் திறக்க மறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை, டீ மட்டும்.

இங்க் தீர்ந்திருக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். எப்சனின் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் வரும் என்று கம்பெனிக் கணக்கு. மாதம் இருபது பக்கம் எடுக்கிற வீட்டுக்கு அது 18 வருடத்துக்கு மேல் வரவேண்டும். கிளீனிங்கில் போகிறதையும் சேர்த்துப் பாதியாக்கினாலும் ஒன்பது வருடம். தீருவதற்கு எங்கே நேரம்?

முதலில் நாசில் செக் எடுங்கள், எல்லா ஓட்டையிலும் இங்க் வருகிறதா என்று பிரிண்டரே கட்டம் போட்டுக் காட்டுகிற சோதனைத் தாள் அது. அதில் கறுப்புக் கட்டம் முழுசாக வந்துவிட்டால் ஹெட் நன்றாக இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டரில். பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் வகை போட்டோ பேப்பர் என்று இருந்தால் சில பிரிண்டர்கள் கரிக் கறுப்பைத் தொடவே தொடாது, மூன்று கலரையும் கலந்து கறுப்பு மாதிரி ஒன்றைப் போடும். (நாளைக்குக் காலையில் பரீட்சை, ஹால் டிக்கெட் எடுத்தே ஆகணும் என்றால் இதையே வேண்டுமென்று செய்து கொஞ்சம் பழுப்பாகவாவது எடுத்துக்கொள்ளலாம்.) கட்டம் வரவில்லை என்றால் கிளீனிங் இரண்டு தடவை, அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம், ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஊறுவதற்கு நேரம் கொடுக்காமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் நல்லா வந்துகொண்டிருக்கிற கலரும் காலியாகும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சிய இங்க் அடியில் ஒரு பஞ்சுக்குத்தான் போகிறது, பிரிண்டர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கும், கணக்கு நிறைந்த அன்றைக்குத் தானே வேலைநிறுத்தம் செய்துவிடும்.

கீழக்கரையில் நான் செய்தது இதுதான். ஹெட்டை இடது பக்கம் ஒதுக்கிப் பார்த்தால் ரப்பர் மூடிக்குள் இருக்கிற பஞ்சில் கறுப்புப் பகுதி மட்டும் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. கிளீனிங்கில் ஒரு பம்ப் இந்த மூடி வழியாகத்தான் ஹெட்டிலிருந்து இங்க்கை உறிஞ்சும், மூடி சரியில்லாமல் அது எப்படி உறிஞ்சும்? பதினைந்து கிளீனிங்கும் வீண். சிரிஞ்சில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து அந்தக் குழியில் நிரப்பினேன், கொஞ்ச நேரத்தில் கறுப்புச் சேறாக மிதந்து வந்தது, ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி நிரப்பினேன், நாலாவது தடவை தண்ணீர் தெளிந்தது. அப்புறம் ஒரு கிளீனிங் கொடுத்தால் குழியில் இருந்த தண்ணீர் சர்ரென்று உள்ளே இறங்கியது. பம்ப் பிழைத்துக்கொண்டது. மறுபடி குழியை நிரப்பி, ஹெட்டை அதன் மேல் உட்கார வைத்து, காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நாசில் செக்கில் மூன்று கோடு மட்டும் விட்டுப் போயிருந்தது, ஒரு கிளீனிங்கில் அதுவும் சரி.

கார்ட்ரிட்ஜ் வகை என்றால் இன்னும் சுலபம். டிஷ்யூவை மடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து அதன் மேல் கார்ட்ரிட்ஜின் அடியை ஒரு நிமிடம் அமுக்கி வையுங்கள். அழுத்தமாக ஒரு கறுப்புப் பட்டை விழுந்தும் தாளில் வரவில்லை என்றால் அடைப்பு இல்லை, மின் இணைப்பைப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் காண்டாக்ட் என்கிற உலோகப் புள்ளிகளில் களிம்பு ஏறும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் சேர்ந்துகொள்ளும். தூசு உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் புள்ளிகளை மட்டும் துடைக்கவும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் எதையும் உள்ளே விடாதீர்கள், பாத்திரத்தில் படிகிற உப்பு நாசிலிலும் படியும், காவிரித் தண்ணீரும் இதற்கு ஆகாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஆசிட் இல்லை என்று லேபிளைப் படித்துவிட்டு. குண்டூசி வேண்டாம், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சானிடைசர் ஜெல்லும் வேண்டாம், மூன்றையும் போட்டுக் கெடுத்த ஹெட்கள் என் மேசை டிராயரில் இருக்கின்றன.

வாரத்துக்கு ஒரு பக்கமாவது கறுப்பும் கலரும் கலந்து எடுங்கள், லீவிலும்தான். கடலைமிட்டாய் படமானாலும் பரவாயில்லை.

இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் ஹெட் உள்ளேயே கெட்டுப் போயிருக்கலாம். புது ஹெட்டின் விலை பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். பழையதை உதிரிபாகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், விலை நேரில் பேசிக்கொள்ளலாம்.