பைலா: சங்க விதியா, கல்யாண ஆட்டமா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி ‘இரவு 9.00 – பைலா’. சென்னையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுத் தம்பி ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னண்ணா, கல்யாணத்துல போய் பைலா வாசிப்பாங்களா?”

அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ தனக்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகளுக்குப் பெயர் ‘பைலா’. அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. துணைவிதி என்பது தமிழ். கொழும்பில் அந்தப் பொருளில் நாங்கள் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை; இங்கே பைலா என்றால் ஆடுவதற்கான பாட்டு. சங்கத்து விதிகளுக்கு இங்கே ‘யாப்பு’ என்று பெயர். பாட்டுக்கு அளவு சொல்லும் இலக்கணத்துக்கும் அதே பெயர்தான். அங்கே விதிக்குப் பாட்டின் பெயர், இங்கே விதிக்குப் பாட்டிலக்கணத்தின் பெயர் என்று நான் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. கிட்டார் தொடங்கியதும் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இது, ஆடி முடித்த பிறகும் தேவைப்படுகிறவர்களுக்கு.

போர்த்துக்கேய மொழியில் ‘பைலார்’ என்றால் ஆடுதல். அதில் பிறந்த ‘பைலா’வுக்கு ஆடுகிறாள், ஆடுகிறான் என்று பொருள், ஏவலாகச் சொன்னால் ‘ஆடு’. அதற்கும் மூலம் பிற்கால லத்தீனின் ‘பல்லாரே’. பாலே நடனத்தின் பெயரும் அங்கிருந்துதான் வருகிறது. ‘பாலட்’ என்று இன்று மெதுவான சோகப் பாட்டைச் சொல்கிறார்களே, அதுவும் தொடக்கத்தில் ஆடுவதற்கான பாட்டுத்தான். ஒரே வேரில் பிறந்த இரண்டு பாட்டு. ஒன்று ஐரோப்பாவில் கண்ணீர் விடுகிறது, மற்றது காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஸ்பீக்கரை உடைக்கிறது.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரைக்கு வந்தது 1505இல். கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தது 1656இல். அந்த நூற்றைம்பது வருடத்தில் அவர்கள் விட்டுப்போன சொற்கள் எங்கள் வீட்டில் இன்னும் புழங்குகின்றன. குசினியில் பாண் (ரொட்டி) வெட்டுகிறோம். விறாந்தையில் கதிரை போடுகிறோம். அலுமாரியில் லேஞ்சி (கைக்குட்டை) தேடுகிறோம், சப்பாத்து மாட்டுகிறோம். இவற்றில் எதுவும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நான் சொன்ன அத்தனையும் பொருள்களின் பெயர், அல்லது இடத்தின் பெயர். பைலா மட்டும் வினை. அந்த வினையைப் பாட்டின் பெயராக்கியது இங்கே இருந்தவர்கள்.

யார் அவர்கள் என்றால், பதில் கடற்கரை நெடுகப் பரந்து கிடக்கிறது. போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழியினர் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் இன்றும் இருக்கிறார்கள். தங்களைக் காப்பிரி என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். வேறு நாடுகளில் வசையாகிப்போன சொல் அது, இங்கே ஒரு சமூகத்தின் பெயர். அவர்களிடம் ‘மஞ்ஞா’ என்ற பாட்டு உண்டு. போர்த்துக்கேய வழியினரான மட்டக்களப்புப் பறங்கியரிடம் ‘கப்ரிஞ்ஞா’ என்ற ஆட்டம் உண்டு. அந்தப் பெயருக்குள்ளேயே காப்பிரி ஒளிந்திருக்கிறது. பைலாவின் தாளம் இந்தக் கூட்டுக் குடும்பத்துச் சொத்து. மேற்கத்தைய கணக்கில் ஆறெட்டு. நம் கணக்கில் ‘தகிட தகிட’ என்று தொடையில் தட்டிப் பாருங்கள், திச்ர நடை, அவ்வளவுதான்.

1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் இந்தத் தாளத்துக்குச் சிங்கள வரி போட்டுப் பாடினார். கூட்டமாகச் சேர்ந்து பாடும் ‘கோரஸ் பைலா’ அவரோடுதான் பெயர் பெற்றது. பிறகு எம்.எஸ். பெர்னாண்டோ போன்றவர்கள் அதை ஊரெல்லாம் கொண்டுபோனார்கள். சிங்களப் பேச்சில் பைலாவுக்கு இன்னொரு பொருளும் ஏறிவிட்டது: வெறும் பேச்சு, ஆதாரமில்லாத கதை. ஒரு அரசியல்வாதி சொன்னது ‘பைலா’ என்றால் அவர் பாடினார் என்று அர்த்தமில்லை. சென்னையில் ‘பீலா விடுவது’ இதே பொருள்தான். சத்தம் ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், சொல்லாராய்ச்சியில் பாதிப்பேர் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

சரி, பாட்டு வரிகளுக்கு வருவோம். அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து கத்திய பாட்டு, சொல்லவே வேண்டாம், ‘சுராங்கனி’. நம்மவர்களிடம் அதைப் பரப்பியவர் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த ஏ.ஈ. மனோகரன்; 2018இல் சென்னையில் காலமானார். 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவும் அதை எடுத்தாண்டார். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்தேன் என்பதுதான் அர்த்தம். சிங்களத்தில் மாளு என்றால் மீன், கெனாவா என்றால் கொண்டுவந்தேன். அடுத்த அடியும் இப்போதுதான் கொண்டுவந்த மீன் என்கிறது. மீனைத் தாண்டிப் பாட்டு போகவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயம். முதலாவது அந்தப் பெயர். ‘சுராங்கனா’ என்றால் வடமொழியில் தேவலோகப் பெண். நம் பழந்தமிழ் சொல்லும் வான் அரமகளிர். வான் அரமகளுக்குப் பையில் மீன்! இரண்டாவது வேற்றுமை உருபு. சிங்களத்தில் ‘சுராங்கனீட்ட’ என்று வரும். அந்த ‘ட்ட’ நம் நான்காம் வேற்றுமை ‘கு’ செய்யும் வேலையைச் செய்கிறது. படப்பாட்டில் அது ‘சுராங்கனிக்கா’ ஆகிவிட்டது. சிங்கள வாக்கியத்தின் நடுவே தமிழ் உருபு வந்து, கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. சென்னை ஸ்டூடியோவில் நடந்த இலக்கணக் கலப்பு அது.

ஏன் மீன், ஏன் இறைச்சியில்லை என்று கேட்டால் கடற்கரை ஊர்ப் பாட்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு வேறொரு விடை தோன்றுகிறது. ‘மா’ நெடில், இரண்டு மாத்திரை. ‘ளு’ குறில், ஒரு மாத்திரை. சேர்ந்தால் மூன்று, சரியாக ஒரு ‘தகிட’. மாளு, மாளு, மாளு என்று அடுக்கினால் தாளத்துக்கு வேறு மத்தளம் வேண்டாம். பைலாக்காரன் சொல்லைத் தேர்வது அகராதியில் பொருள் பார்த்தல்ல, காலில் மாத்திரை பார்த்து. அதனால்தான் அர்த்தம் தெரியாமலே ஆட முடிகிறது, தெரிந்த பிறகும் ஆட்டம் குறைவதில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ கதையும் இதுதான். வரி மதுவிலக்குப் பிரசாரம். கையில் கிளாஸோடு அதற்கு ஆடாத மாமாவை நான் இன்னும் காணவில்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘துள்ளிசை’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அது பொப், டிஸ்கோ, குத்துப்பாட்டு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது; பைலாவின் அந்தத் தனித் தாளம் தெரியாமல் போகிறது. சிலப்பதிகாரத்துக்குப் போய்க் ‘குரவை’யைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் பிரியாத ஒன்று என்ற அளவில் குரவை நெருக்கமான உறவு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்ச்சியர் குரவை பெண்கள் வட்டமாய் நின்று கைகோத்து, தெய்வத்தை நினைத்து ஆடுவது. வெள்ளவத்தை மண்டபத்தில் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஆடுவதை அதனோடு ஒப்பிட்டால் இளங்கோவடிகள் கோபிப்பார். குரவை என்றதும் இன்றைக்குக் குலவைச் சத்தம்தான் பலருக்கு ஞாபகம் வரும் என்பது இன்னொரு சங்கடம்.

என்னைக் கேட்டால் ‘ஆடற்பாட்டு’. மூலச்சொல்லின் வினை அதில் அப்படியே இருக்கிறது, புதிதாக எதையும் சோடிக்கவில்லை. விளக்கம் எழுதும்போது ‘பைலா என்னும் ஆடற்பாட்டு’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் பைலா என்றே எழுதிப் போகலாம். பாணுக்கும் கதிரைக்கும் தராத தொல்லையை இந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் தர வேண்டும்? ‘கோரஸ் பைலா’வைக் கூட்டுப் பைலா எனலாம். பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நின்று, கொடுத்த தலைப்பில் அந்த இடத்திலேயே வரி கட்டி மோதும் ‘வாத பைலா’வுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், வாதம் நமக்கும் வாதம்தான். தமிழ்நாட்டில் எசப்பாட்டு என்றால் புரியும். மட்டக்களப்பார் கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் மாறி மாறிப் பாடும் வசைப்பாட்டை நினைத்துக்கொள்ளலாம், அது இன்னும் காரம்.

எழுத்தைப் பற்றி ஒன்று. சிங்கள உச்சரிப்பைப் பார்த்துச் சிலர் ‘பயிலா’ என்று எழுதுகிறார்கள். தமிழில் அதற்குப் ‘பழகாத’ என்று பொருள் வந்துவிடும். சென்னைத் தம்பியின் ஆட்டத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது என்றாலும், நிகழ்ச்சி நிரலில் பைலா என்றே போடுங்கள்.