யூடியூபில் வரும் மூட்டைப்பூச்சி வேறு, உங்கள் கட்டிலில் இருப்பது வேறு

மருந்தடிக்கக் கூப்பிடும் வீடுகளில் இப்போதெல்லாம் கட்டில் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பார்க்கிறேன். யூடியூப் வீடியோ பார்த்து ஆன்லைனில் வாங்கியவை. கட்டிலில் ஏற வரும் மூட்டைப்பூச்சி உள்ளே விழும், வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. அமெரிக்காவில் அது பலிக்கும். இங்கே அதை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது.

மூட்டைப்பூச்சியில் இனங்கள் உண்டு. குளிர் நாடுகளில் பரவலாக இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். நம் ஹாஸ்டல்களிலும் மேன்ஷன்களிலும் பெரும்பாலும் அகப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ், அதாவது வெப்பமண்டல மூட்டை. இரண்டுமே சுமார் 5 மில்லிமீட்டர், செம்பழுப்பு, இறக்கை கிடையாது. குஞ்சு வளர்ந்து ஆளாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இரத்தம் குடித்தாக வேண்டும். வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லென்ஸ் வைத்துத் தலைக்குப் பின்னால் இருக்கும் முதுகுத் தட்டைப் பாருங்கள். லெக்டுலேரியஸுக்கு அது அகலம். ஓரங்கள் இரண்டு பக்கமும் தட்டையாக விரிந்திருக்கும். நம்மூர்ப் பூச்சிக்கு அது குறுகல்.

ஆனால் சமாச்சாரம் காலில்தான் இருக்கிறது. காலின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னத் திண்டு, அதில் ஒட்டிப்பிடிக்கும் மெல்லிய மயிர்கள். ஹெமிப்டெரஸுக்கு இந்த மயிர்கள் அதிகம் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் வழுக்கும் சுவரிலும் ஏறி வெளியே வந்துவிடும். கிண்ணம் காலியாக இருக்கிறதே, பூச்சி போய்விட்டது என்று சந்தோஷப்படுவதுதான் ஆபத்து.

கடை ஸ்ப்ரே விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே ஜாதி. அந்த ஸ்ப்ரேக்களில் வழக்கமாக இருக்கும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் இரண்டுக்குமே பல இடங்களில் பழகிப்போய்விட்டன. அடித்தால் சாகாமல் கலைந்து பக்கத்து அறைக்குப் போகும். மண்ணெண்ணெய் ஊற்றுவது பற்றிக் கேட்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

சூட்டுக்கு இரண்டுமே தாங்காது; 50 டிகிரி செல்சியஸில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். பாட்டி காலத்துக் கொதிதண்ணீர் இன்னும் நல்ல மருந்துதான், ஆனால் அது பட்ட இடத்தில் மட்டும். மரக்கட்டிலின் இடுக்கு, ஸ்க்ரூ ஓட்டை எதையும் விடக் கூடாது. மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். துணிகளை வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் போடுங்கள்.

அப்புறம், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு பூச்சியையாவது நசுக்காமல் செல்லோடேப்பில் ஒட்டி வையுங்கள். நசுங்கியதை வைத்து எந்த இனம் என்று சொல்வது கஷ்டம்.