டீஜே: ரெகே வழக்கில் இந்தச் சொல் யாரைக் குறிக்கிறது?

டீஜே (பெயர், ஜமைக்க வழக்கில் வினையாகவும் வரும்): ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டின் மேல் மைக்கில், தாளத்துக்குக் கட்டுப்பட்டுச் சந்தமாகப் பேசுபவர். தட்டைச் சுழற்றுபவருக்கு அங்கே பெயர் வேறு: செலக்டர்.

தமிழில் ஜமைக்க இசையான ரெகே பற்றி எழுதும்போது அடிக்கடி பிசகும் இடம் இது. நம் கல்யாண மண்டபங்களில் டீஜே என்றால் மடிக்கணினியும் மிக்சரும் வைத்துப் பாட்டுப் போடுகிறவர். அந்த நினைப்பிலேயே ‘ரெகே டீஜே யூ-ராய்’ என்ற தொடரைப் படித்தால், வாழ்நாளெல்லாம் குரலால் உழைத்த ஒரு கலைஞர் பாட்டுப் போடுகிறவராகிவிடுவார். யூ-ராய் பேர் பெற்றது குரலால். அவர் என்ன செய்தார் என்று புரிந்துகொண்டால்தான் இந்தச் சொல்லுக்கு ஏற்ற தமிழைத் தேட முடியும்.

முதலில் வேர். ‘டிஸ்க் ஜாக்கி’யின் முதலெழுத்துகளை உச்சரித்தால் டீ-ஜே. எறிவட்டைக் குறித்த ‘டிஸ்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு இசைத்தட்டையும் குறித்தது. ஜாக்கி என்பது ஜான் என்ற ஆட்பெயரின் ஸ்காட்லாந்துச் செல்ல வடிவத்திலிருந்து பிறந்தது. முதலில் சாதாரண ஆளையோ பையனையோ குறித்து, பின்னர் பந்தயக் குதிரை ஓட்டுபவருக்கு உரியதாகிவிட்டது. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலியில் தட்டு போட்டுப் பேசும் அறிவிப்பாளர்களுக்கு இந்த இணைச்சொல் பரவலாயிற்று. அங்கே ஒரே ஆள்தான் தட்டும் போட்டார், பேசவும் பேசினார்.

ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்தது. 1950களில் அங்கே நடனக் கூட்டங்களை நடத்தியவை ‘சவுண்ட் சிஸ்டம்’கள். நம்மூர் மைக்செட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆம்ப்ளிஃபயரும் ஆளுயரப் பெட்டிகளும் மட்டுமல்லாமல் உரிமையாளர், செலக்டர், டீஜே, பெட்டி தூக்குபவர்கள் எல்லோரையும் சேர்த்த குழுவுக்குப் பெயர் அது. பெரும்பாலும் ஒரே ஒரு டர்ன்டேபிள்தான் இருக்கும். இரண்டரை, மூன்று நிமிடத்தில் ஒரு தட்டு முடிந்துவிடும். ஊசியைத் தூக்கி, தட்டை மாற்றி, மறுபடி ஊசியை வைக்கும்வரை மைதானம் அமைதியாகிவிடும், ஆடுகிறவர்கள் கலைவார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேச்சு வந்தது. கவுண்ட் மச்சூக்கி என்ற வின்ஸ்டன் கூப்பர் இந்தக் கலையின் முன்னோடி. அமெரிக்க வானொலிக்காரர்களின் எதுகை மோனைப் பேச்சைக் கிங்ஸ்டன் தெருப்பேச்சோடு கலந்து, தட்டுகளுக்கு நடுவிலும் பாட்டின் முன்னிசையிலும் பேசினார். அவரை அடுத்து சர் லார்ட் காமிக்கும் கிங் ஸ்டிட்டும் வந்தார்கள். பாடகர் வாயைத் திறந்ததும் டீஜே வாயை மூட வேண்டும். அதுவரை இருந்த வரம்பு அது.

யூ-ராயின் இயற்பெயர் யூவர்ட் பெக்ஃபோர்ட். 1942 செப்டம்பர் 21இல் கிங்ஸ்டனின் ஜோன்ஸ் டவுனில் பிறந்தார். வீட்டில் ஒரு சின்னக் குழந்தைக்கு ‘யூவர்ட்’ என்று சொல்ல வராமல் ‘யூ-ராய்’ என்றது, அதுவே நிலைத்துவிட்டது. மச்சூக்கியைக் கேட்டு வளர்ந்த அவர் 1961இல் டிக்கி வாங் என்பவரின் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்தார். 1960களின் பிற்பகுதியில் கிங் டப்பியின் ‘ஹோம் டவுன் ஹை-ஃபை’ சவுண்ட் சிஸ்டத்துக்கு வந்து சேர்ந்ததுதான் திருப்பம்.

கிங் டப்பி என்கிற ஆஸ்போர்ன் ரட்டாக் மின்னணுத் தொழில்காரர். வால்வு ஆம்ப்ளிஃபயர்களைத் தாமே கட்டுவார், பழுது பார்ப்பார். பாண்ட் தெருவில் இருந்த, தயாரிப்பாளர் டியூக் ரீட்டின் ட்ரெஷர் ஐல் இசைப்பதிவு நிறுவனத்துக்காகத் தட்டு வெட்டும் வேலையும் அவர் கையில் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்காக ட்ரெஷர் ஐலில் ஒரு தட்டு வெட்டப்பட்டது. பேரகன்ஸ் குழுவின் பாட்டு அது, ஆனால் குரல் இல்லாமல். நடனத்தில் அதைப் போட்டபோது கூட்டமே பாடிக்கொண்டது. குரல் நீக்கிய அந்த வடிவத்துக்கு ‘வெர்ஷன்’ என்று பெயர் விழுந்தது.

வெர்ஷன் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும் பார்த்துவிடலாம். ஒலிநாடாவின் ஒரு தடத்தில் வாத்தியங்கள், இன்னொன்றில் குரல் என்று தனித்தனியே பதிவாகியிருந்தால், தட்டு வெட்டும் நேரத்தில் குரல்தடத்தை மட்டும் இறக்கவோ ஏற்றவோ முடியும். டப்பி குரலை முழுவதுமாக எடுத்துவிடவில்லை. முதல் அடியைப் பாடவிட்டு, அறுத்து, பல்லவியில் ஒரு நொடி மட்டும் எட்டிப் பார்க்கவிட்டு, மீண்டும் அறுத்து வெட்டினார். இப்படி ஒற்றைப் படியாக வெட்டப்படும் தட்டுதான் டப் பிளேட்: அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. அச்சடித்த வினைல் தட்டைவிட இது மிருதுவானது. ஊசி ஓட ஓடப் பள்ளம் தேயும், முதலில் உச்ச ஒலிகள் மங்கும், பிறகு இரைச்சல் ஏறும். சில டஜன் தடவை ஓடினாலே ஆயுள் முடிந்துவிடும்.

இந்தத் தட்டுகளின் மேல்தான் யூ-ராய் பேசினார். முன்னிசையில் தொடங்கியவர் கடைசி வரை நிறுத்தவில்லை. குரல் அறுபட்ட இடமெல்லாம் அவருக்குக் கிடைத்தது. ‘வேர் யூ டு த பால்’ பாட்டைக் கேளுங்கள். பாடகர் ஒரு பெண்ணை நடனத்துக்கு அழைக்கிறார், குரல் நிற்கிறது. உடனே யூ-ராய் அந்தப் பெண்ணிடமே திரும்பி, அவர் சொன்னது காதில் விழுந்ததா என்கிறார். பழைய பாட்டு புதிய உரையாடலாகிவிடுகிறது. உரக்கக் கத்துவதும் திடீரென்று குரலைத் தாழ்த்துவதும் இழுத்து முடிப்பதும் எல்லாம் பேஸ் கிட்டாரின் ஓட்டத்துக்குள் அடங்கியே நடக்கும். என் கணிப்பில் ரெகே வரலாற்றில் குரல் என்ற கருவிக்குக் கிடைத்த மிகப் பெரிய விடுதலை இது.

டப்பியின் எதிரொலிப் பெட்டிக்கும் இதில் பங்கு உண்டு. நாடா எதிரொலியில் தாமதத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: பதியும் முனைக்கும் வாசிக்கும் முனைக்கும் உள்ள தூரம், நாடா ஓடும் வேகம். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் மூன்று அங்குல இடைவெளி இருந்தால் 0.4 நொடி தாமதம். நிமிடத்துக்கு 75 தாள அடி விழும் ராக்ஸ்டெடி (ரெகேக்கு முந்திய ஜமைக்க இசை) பாட்டில் அது சரியாக அரை அடி. அப்போது டீஜேயின் கடைசி அசையின் எதிரொலி, அடிகளுக்கு நடுவில் விழும் கிட்டார் வெட்டோடு ஒட்டி விழும். வேகம் ஒத்துவராவிட்டால் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறி, இரண்டும் விளங்காது. எதிரொலியை மீண்டும் உள்ளே திருப்பும் குமிழை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒலி அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். மைக் பெட்டிகளைப் பார்த்திருந்தால் ஊளையிடும். அதனால் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, பெட்டிகளின் பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று பேசுவதே வழி.

பேரகன்ஸின் ஜான் ஹோல்ட் ஒரு நடனத்தில் தம் பாட்டின் மேல் யூ-ராய் பேசுவதைக் கேட்டு டியூக் ரீட்டிடம் சொன்னார். கீத் ஹட்சன், லீ பெர்ரி ஆகிய தயாரிப்பாளர்களுக்காக அதற்கு முன்பே சில பதிவுகள் செய்திருந்தாலும், பெரிய வெற்றி ட்ரெஷர் ஐலில்தான் கிடைத்தது. 1970இல் ‘வேக் த டவுன்’, ‘ரூல் த நேஷன்’, ‘வேர் யூ டு த பால்’ மூன்றும் ஒரே சமயத்தில் ஜமைக்கப் பாடல் தரவரிசையின் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. அடியில் ஓடியவை ராக்ஸ்டெடி காலத்துப் பழைய தாளக்கட்டுகள். ‘வேக் த டவுன்’ ஆல்டன் எல்லிஸின் பாட்டின் மேல் எழுந்தது. மைதானத்தோடு காற்றில் போய்க்கொண்டிருந்த பேச்சு கடையில் விற்கும் தட்டாக மாறியது. டென்னிஸ் அல்கபோன், ஐ-ராய், பிக் யூத் என்று ஒரு தலைமுறையே அந்த வழியில் வந்தது.

1975இல் வெளிவந்த ‘ட்ரெட் இன் எ பாபிலோன்’ அவரை ஜமைக்காவுக்கு வெளியே கொண்டுபோனது. 1970களின் இறுதியில் ‘ஸ்டர் காவ்’ என்ற சொந்த சவுண்ட் சிஸ்டம் நடத்தி ராங்கிங் ஜோ, சார்லி சாப்ளின், ஜோசி வேல்ஸ் போன்ற இளைய டீஜேக்களுக்கு மேடை கொடுத்தார். 2007இல் ஜமைக்க அரசின் ‘ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்’ விருது பெற்றார். 2021 பிப்ரவரி 17இல் கிங்ஸ்டனில் காலமானார்.

நியூயார்க்கில் சொல் மறுபடி இடம் மாறியது. கிங்ஸ்டனில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த கூல் ஹெர்க் 1973 ஆகஸ்ட் 11இல் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே தட்டு சுழற்றுபவர் டீஜே, பேசுபவர் எம்சி. நம்மிடம் வந்து சேர்ந்த டீஜே இந்த வழியில் வந்தவர். அதனால்தான் குழப்பம்.

இனித் தமிழ். ‘இசைத்தட்டு’ என்று தொடங்கும் எந்த ஆக்கமும் ரெகே டீஜேக்குப் பொருந்தாது. ‘அறிவிப்பாளர்’ வானொலிக்குச் சரி. தெருக்கூத்தின் ‘கட்டியங்காரன்’ மனத்துக்கு நெருக்கமாக வருகிறது: அவரும் வரவு சொல்வார், கேலி பேசுவார், கூட்டத்தைக் கட்டிவைப்பார். ஆனால் மச்சூக்கிக்குப் பொருந்தும் அளவு அது யூ-ராய்க்குப் பொருந்தவில்லை. பாட்டு முழுவதையும் தம் பேச்சால் நிரப்புவதே யூ-ராயின் கலை. சிலப்பதிகாரத்தில் ‘உரைப்பாட்டு மடை’ என்று ஒரு வகை உண்டு: பாட்டுகளுக்கு இடையே வரும், உரைத்தன்மை கொண்ட பகுதி. குன்றக்குரவை அதில்தான் தொடங்குகிறது. பேச்சும் பாட்டும் கலந்த டீஜேயின் கலைக்கு, அதாவது ‘டோஸ்டிங்’குக்கு, ‘உரைப்பாட்டு’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம். டீஜே ‘உரைப்பாட்டாளர்’ ஆவார். இருபாலுக்கும் பொது என்பதால் பெண் டீஜேயான சிஸ்டர் நான்சியையும் அப்படியே சொல்லலாம். செலக்டர் ‘தட்டுத் தேர்வாளர்’, பேச்சின் அடியில் ஓடும் வாத்தியப் பின்னணியான ரிடிம் ‘தாளக்கட்டு’. வெர்ஷனுக்கும் டப் பிளேட்டுக்கும் தமிழ் தேடி அலைய வேண்டாம், அவை துறைச்சொற்களாகவே நிற்கட்டும்.

எழுதும்போது முதல் இடத்தில் ‘உரைப்பாட்டாளர் (டீஜே)’ என்று போட்டுவிட்டு, பின்னர் தமிழ்ச்சொல்லை மட்டும் தொடரலாம். ‘யூ-ராய் பாட்டுப் போட்டார்’ என்பது தவறு. ‘யூ-ராய் பேரகன்ஸ் பாட்டின் மேல் உரைப்பாட்டுப் பாடினார்’ என்பது சரி. பேச்சை விட்டுப் பாட்டுப்பக்கம் பாதி சாய்ந்து மெட்டெடுப்பவர்களுக்கு ஜமைக்காவில் ‘சிங்ஜே’ என்று தனிப்பெயர் உண்டு. ஈக்-அ-மவுஸ் அந்த வகை, அவரை உரைப்பாட்டாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது.