சின்ன லேப்டாப்பில் சிவப்பு ஏன் ஆரஞ்சாகிறது?

“பயணத்தில் எடுக்கிற படங்களை அன்றன்று இரவே திருத்திவிட வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது. ஐ5 போதுமா, ஐ7 வாங்க வேண்டுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லேப்டாப் தேடுகிற பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். பிராசசர், ரேம், கிராபிக்ஸ் எல்லாம் பேச்சில் வரும், திரை வராது. படம் திருத்துபவரோ முழு நேரமும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிராசசர் மெதுவாக இருந்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். திரை மோசமாக இருந்தால் படமே கெடும். கெட்டது அப்போது தெரியாது, வேறொரு திரையில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

உள்ளே இருப்பவற்றை முதலில் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஐ5, ஐ7 என்ற பெயரைவிடத் தலைமுறை முக்கியம். இன்டெல்லின் ஏழாம் தலைமுறை வரை, மெல்லிய லேப்டாப்களில் வரும் ‘யூ’ வகை ஐ7-இல்கூடக் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் இரண்டேதான். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையில் ஐ5-க்கே நான்கு கோர்கள் வந்துவிட்டன. ஆகவே பழைய ஐ7-ஐப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 ‘யூ’ வகையும் இந்த வேலைக்குத் தாராளம்.

ரேம் கணக்கு எளிது. டார்க்டேபிள் போன்ற படம் திருத்தும் மென்பொருள் ஒரு பிக்சலுக்கு 16 பைட் வைத்து வேலை செய்கிறது. 24 மெகாபிக்சல் படம் என்றால் ஒரு நகலுக்கே 384 எம்பி. இரைச்சல் நீக்கம், லென்ஸ் திருத்தம் என்று படிகள் கூடும்போது இப்படிப் பல நகல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கும். 8 ஜிபியில் பிரௌசரை மூடிவிட்டு ஒப்பேற்றலாம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னால் கூட்ட முடியாது என்பதால் வாங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். சேமிப்பகம் ‘இஎம்எம்சி’ என்றிருந்தால் வேண்டாம். ரேம் நிரம்பியதும் கணினி அங்கேதான் எழுதிப் படிக்கும், அந்த வேகம் போதாது. அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 512 ஜிபி நல்ல அளவு. தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். எடையும் சூடும் கூடும், பேட்டரி குறையும்.

இனி திரை.

எல்சிடி என்ற திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் வெள்ளை எல்இடி வரிசை ஒன்று எரிகிறது. அந்த வெள்ளையும் உண்மையான வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது சுமார் 450 நானோமீட்டரில் ஒளிரும் நீல எல்இடி. அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பகுதி பாஸ்பரில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மீதி நீலமாகவே வெளியே வருகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை.

கண்ணை ஏமாற்றலாம், நிறமாலைமானியை ஏமாற்ற முடியாது. இந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நீலத்தில் ஓர் ஊசி முனை தெரியும். அடுத்து ஒரு பள்ளம். அதன் பிறகு பச்சையில் தொடங்கி மஞ்சளில் உயர்ந்து ஆரஞ்சு வழியாகச் சரியும் அகலமான மேடு. பச்சைக்கும் சிவப்புக்கும் தனித்தனி முகடுகள் கிடையாது. இரண்டும் ஒரே மஞ்சள் மேட்டின் இரு சரிவுகள். சிவப்புக்குரிய 620 நானோமீட்டரைத் தாண்டினால் ஒளி வேகமாகக் குறைகிறது.

இந்த மேட்டிலிருந்து சிவப்பை வெட்டியெடுக்கும் வேலை வண்ண வடிகட்டியுடையது. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள், ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய வடிகட்டி. வடிகட்டியில் சாயம் செறிவாக இருந்தால் மஞ்சளையும் ஆரஞ்சையும் நன்றாகத் தடுத்து, தூய சிவப்பை மட்டும் விடும். ஆனால் அந்தப் பகுதியில் ஒளியே குறைவு என்பதால் திரை மங்கும். சாயத்தைக் குறைத்தால் ஒளி நிறைய வரும், கூடவே மஞ்சளும் ஆரஞ்சும் கசிந்து வரும். சிவப்புத் துணைப் பிக்சல் மட்டும் எரியும்போதுகூடக் கண்ணில் படுவது ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு. பச்சையும் இதே காரணத்தால் மஞ்சள் பக்கம் சாயும்.

தயாரிப்பாளர் ஏன் மெல்லிய வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்? ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முதல் போலரைசர் தகடே பின்னொளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு வண்ண வடிகட்டிகளில் போகிறது. திரைக்குள் ஓடும் மின்கம்பிகளும் கொஞ்சம் மறைக்கின்றன. எல்லாம் போக வெளியே வருவது சுமார் 5 சதவீதம். வடிகட்டியை மெல்லியதாக்கினால் அதே பிரகாசத்துக்குக் குறைந்த எல்இடிகள் போதும், பேட்டரியும் நீடிக்கும், விலையும் இறங்கும். கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் வாங்குகிறவருக்கு இது நியாயமான பேரம். படம் திருத்துகிறவருக்குத்தான் நஷ்டம்.

அந்த நீல எல்இடியைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தை நல்ல தரத்தில் வளர்க்க முடியாது என்று பலர் கைவிட்ட பிறகும் ஜப்பானின் நகோயாவில் அகாசாகியும் அமானோவும் விடாமல் முயன்றார்கள். 1986-இல் நல்ல படிகம், 1989-இல் எல்இடிக்கு வேண்டிய பி வகைக் குறைகடத்தி, 1993-இல் நிச்சியா நிறுவனத்தில் நாகமுராவின் பிரகாசமான நீல எல்இடி. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. ‘மூன்று ஆண்டில் என்ன பயன் கிடைக்கும்?’ என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் இன்றைய நிதிக் குழுக்கள் அன்று இருந்திருந்தால், இந்தக் கட்டுரையைப் படிக்க உங்கள் கையில் ஒரு திரை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நல்ல திரைகளில் பாஸ்பரை மாற்றிவிடுகிறார்கள். ஒற்றை மஞ்சளுக்குப் பதில் பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. மாங்கனீஸ் கலந்த பொட்டாசியம் புளூரோசிலிக்கேட் என்ற சிவப்புப் பாஸ்பர் 631 நானோமீட்டரை ஒட்டிக் கூர்மையான கோடுகளாக ஒளிர்கிறது. மூலத்திலேயே சிவப்பு தனியாக நிற்பதால் வடிகட்டிக்கு வேலை குறைவு. ஒளியை வீணாக்காமல் தூய நிறம் கிடைக்கிறது. ஓஎல்இடியில் பின்னொளியே கிடையாது, ஒவ்வொரு துணைப் பிக்சலும் தன் நிறத்தில் தானே ஒளிரும்.

இந்த மூன்று அடிப்படை நிறங்களையும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களைக் குறிக்கும் 1931-இன் சிஐஇ வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால் ஒரு முக்கோணம் வரும். திரையால் காட்ட முடிந்த நிறமெல்லாம் அதற்குள் அடக்கம். இணையத்தின் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில் சிவப்பு முனையின் ஆயத்தொலைவுகள் 0.64, 0.33. மலிவுத் திரையில் அது 0.59, 0.35 சுற்று வட்டாரத்தில் நிற்கும். நிறத்தை அளந்து திருத்தும் காலிபரேஷன் கருவி வைத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். கருவி வெள்ளையின் சாயலையும் நடுச் சாம்பலின் அளவையும் திருத்தும், ஆனால் முக்கோணத்தின் முனைகளை நகர்த்தாது. மூன்று முளைக்குச்சி நட்டுக் கயிறு கட்டிய இடத்தில், உள்ளே எத்தனை முறை உழுதாலும் கயிற்றுக்கு வெளியே உள்ள மண் புரளாது.

இதனால் படத்தில் என்ன கெடுகிறது? ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துக்கொள்வோம். மலிவுத் திரையில், வண்ண மேலாண்மை (திரைக்கேற்ப நிற எண்களை மாற்றும் ஏற்பாடு) இல்லாத மென்பொருளில் திறந்தால் பூ முழுக்க வெளிறி ஆரஞ்சாகத் தெரியும். உடனே கை தானாகச் செறிவு ஸ்லைடருக்குப் போகும், கூட்டினால் திரையில் பூ அழகாகிவிடும். அதே படத்தை எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் கைபேசியில் திறந்தால் இதழ் ஒரே சிவப்புத் திட்டு. சிவப்பின் அளவு உச்ச எண்ணான 255-இல் முட்டி நின்றுவிட்டதால் இதழின் நரம்புகள் அழிந்துவிட்டன. முகங்கள் வெயிலில் வெந்தது போலச் சிவந்திருக்கும். வண்ண மேலாண்மையும், திரையின் நிறங்களை விவரிக்கும் சரியான புரொபைல் கோப்பும் இருந்தால் வெளிறல் குறையும். ஆனாலும் முக்கோணத்துக்கு வெளியே உள்ள வெவ்வேறு சிவப்புகள் எல்லாம் விளிம்பில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நரம்பு கோப்பில் இருக்கும், திரையில் இருக்காது. இல்லாத குறையைத் திருத்த ஆரம்பிப்பீர்கள்.

இனி விவரத் தாளைப் படிப்பது சுலபம். ‘45% என்டிஎஸ்சி’ என்பது மேலே சொன்ன மலிவுத் திரை. 1953-இன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தரத்தோடு ஒப்பிட்ட கணக்கு அது. ‘72% என்டிஎஸ்சி’ என்றால் பரப்பளவில் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று நேராகவே போட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறத்தைப் பற்றி ஒன்றுமே போடவில்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபுல் எச்டி ஐபிஎஸ்’ என்ற வரியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. ஐபிஎஸ் என்ற திரை வகை பார்வைக் கோணத்துக்கு மட்டும் உத்தரவாதம், நிறத்துக்கு இல்லை. அதற்காக ஐபிஎஸ் வேண்டாம் என்று பொருளில்லை. டிஎன் என்ற பழைய வகைத் திரையில் தலையைச் சற்று அசைத்தாலே நிழல் பகுதியின் வெளிச்சம் மாறும், மடியில் வைத்து வேலை செய்பவருக்கு அது ஆகவே ஆகாது.

விற்பவர் சொல்வதை நம்பாமல் திரையிடமே கேட்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு திரைக்குள்ளும் ஈடிஐடி என்ற 128 பைட் தகவல் துண்டு இருக்கும், மூன்று முனைகளின் ஆயத்தொலைவுகளும் அதில் உண்டு. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ‘edid-decode’ நிரலை ஓட்டினால் படித்துவிடலாம். சிவப்பின் முதல் எண் 0.64-ஐ ஒட்டியிருந்தால் நல்லது, 0.59 என்றால் கைவிடலாம். இது தயாரிப்பாளர் எழுதிவைத்த எண், அளந்து பார்த்த எண் இல்லை என்பதால், முழுச் சிவப்பு நிரப்பிய ஒரு படத்தைக் கைபேசியின் இயல்பு நிறப் பயன்முறையிலும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பார்த்ததுமே தெரியும்.

நல்ல திரை இருந்தும் கெடுக்கிற விஷயங்கள் சில உண்டு. இரவு ஒளி பயன்முறையும் தானியங்கிப் பிரகாசமும் அணைந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத மூன்றாவது எதிரி, பேட்டரியில் ஓடும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் கிராபிக்ஸ் சிக்கனம். இன்டெல்லில் டிஸ்ப்ளே பவர் சேவிங், ஏஎம்டியில் வேரி-பிரைட் என்று பெயர். பின்னொளியைக் குறைத்துவிட்டு அது தெரியாமலிருக்கப் படத்தின் கான்ட்ராஸ்டைத் தானே கூட்டும். சார்ஜரைச் செருகியதும் படம் மாறித் தெரிந்தால் காரணம் இதுதான். டிரைவர் அமைப்பில் அணைத்துவிடுங்கள். ஓஎல்இடி அல்லது எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான நிற எல்லை கொண்ட பி3 திரை என்றால், இணையத்துக்கான படங்களைத் திருத்தும்போது எஸ்ஆர்ஜிபி பயன்முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பிரகாசத்தின் அலகு நிட். 250 நிட் அறைக்குள் போதும். ஜன்னலோர இருக்கைக்கு 400 வேண்டும், பளபளப்பற்ற மேற்பரப்பாக இருந்தால் இன்னும் வசதி. அச்சுக்குப் போகும் படத்தை 100 முதல் 120 நிட்டில் திருத்துங்கள். முழுப் பிரகாசத்தில் திருத்தியது அச்சில் இருண்டுதான் வரும்.

குறைந்த செலவில் எதை வாங்குவது? என் தேர்வு, பயன்படுத்திய 2020-இன் மேக்புக் ஏர் எம்1. 13.3 அங்குலம், 1.29 கிலோ, 400 நிட், பி3 திரை, மின்விசிறி இல்லை, 30 வாட் சார்ஜர். ரேமை மாற்ற முடியாது, கார்டு ஸ்லாட்டும் இல்லை. விண்டோஸ்தான் வேண்டுமென்றால், அலுவலகங்களில் ஓடி முடிந்த 13 அல்லது 14 அங்குல வணிக வகை லேப்டாப். திங்க்பேட் டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் உண்டு, எடைதான் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இவற்றில் பலவற்றின் திரை மோசம். ஆனால் மாற்றலாம். பேனலின் எண்ணைப் பார்த்து, அதே அளவு, அதே 30 முள் இணைப்பு, அதே பிடிமானம் உள்ள 100% எஸ்ஆர்ஜிபி பேனல் வாங்க வேண்டும். மாற்றும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் திரைக் கேபிளை உருவினால் போர்டில் உள்ள பின்னொளி ஃபியூஸ் போய்விடலாம், போனால் புதுப் பேனலும் இருட்டாகவே இருக்கும். சார்ஜரை எடுங்கள், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் உள் பேட்டரியை முடக்குங்கள், பிறகு கேபிளைத் தொடுங்கள்.

45% திரையோடுதான் கிளம்ப வேண்டியிருக்கிறது என்றால் பயணத்தில் படம் தேர்வு, கிராப், எக்ஸ்போஷர் மட்டும் பாருங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமையும், அளவு முட்டிய இடத்தைக் காட்டும் கிளிப்பிங் எச்சரிக்கையையும் நம்புங்கள், செறிவைத் தொடாதீர்கள். டார்க்டேபிளில், ராவ் கோப்பில் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) செய்த மாற்றங்கள் தனியாக எக்ஸ்எம்பி கோப்பில் பதிவாகும், நிறத்தை நல்ல திரை கிடைக்கும்போது தொடரலாம்.

லேப்டாப் சார்ஜிங் யூஎஸ்பி-சியில் இருந்தால் கைபேசிக்கும் அதற்கும் ஒரே சார்ஜர் போதும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் இழந்தது போக 50 வாட்-மணி லேப்டாப்பை ஒருமுறை நிரப்பும். வெளியீடு 45 வாட்டுக்குக் குறைந்தால் சில லேப்டாப்கள் ஏற்கவே ஏற்காது. விமானத்தில் பொதுவான வரம்பு 100 வாட்-மணி, பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

கார்டு ரீடரையும் சோதியுங்கள். மலிவு லேப்டாப்கள் சிலவற்றில் உள்ளே இருக்கும் ரீடர் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 40 எம்பி என்றால் 64 ஜிபி கார்டு இறங்க 27 நிமிடம். 90 எம்பி ஓடும் வெளி ரீடரில் 12 நிமிடம். இறங்கியதை வெளி எஸ்எஸ்டி ஒன்றிலும் இன்னொரு பிரதி எடுத்து, இரண்டிலும் சில ராவ் கோப்புகளை முழு அளவில் திறந்து பார்த்த பிறகே கார்டைக் கேமராவில் ஃபார்மேட் செய்யுங்கள். சிறுபடம் தெரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். அது ராவ் கோப்புக்குள் தனியாக ஒட்டியிருக்கும் ஜேபெக், மீதிக் கோப்பு பாதியில் அறுந்திருந்தாலும் அது தெரியும்.