மரைன் சர்வே: கடலை அளப்பதல்ல

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனால் 2004இல் உயர்நீதிமன்றக் கிளை இங்கே வந்ததிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளின் வழக்குகள் இங்கேதான் வந்து சேருகின்றன. விற்ற படகு, எரிந்த படகு, காப்பீட்டுப் பணம் கிடைக்காத படகு எல்லாம் காகிதக் கட்டுகளாக மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்குகின்றன. அவற்றில் சில மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வரும். அப்படி வந்த ஒரு கட்டில், ஒரு படகின் நிலையையும் மதிப்பையும் சொல்லும் 'மரைன் சர்வே ரிப்போர்ட்' ஒன்று இருந்தது. முன்பே யாரோ செய்த தமிழாக்கமும் கூடவே இருந்தது: 'கடல் அளவை அறிக்கை'. வழக்கறிஞரின் குமாஸ்தா அதைப் புரட்டிவிட்டு, "எந்தக் கிராமம் ஐயா? சர்வே எண்ணைக் காணோமே?" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பக்கம் சர்வே என்றால் நிலம்தான். சர்வேயர் வந்தார் என்றால் சங்கிலி, எல்லைக்கல், பங்காளித் தகராறு. இந்தச் சொல் நம் மண்ணில் வேரூன்றியதும் அப்படித்தான். 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை தொடங்கியது. கையில் சங்கிலியோடு வந்த சொல்லை 'அளவை' என்று தமிழாக்கியது பொருத்தமே. அந்தச் சங்கிலியையே படகின் மேலும் போட்டதுதான் பிழை.

சொல்லின் பிறப்பில் அளப்பது எங்கும் இல்லை. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல், 'விதேரே' என்றால் பார்த்தல். இரண்டும் பழைய பிரெஞ்சில் 'சுர்வேயர்' என்று ஒட்டி, ஆங்கிலத்தில் சர்வே ஆயிற்று. அதே இரண்டு வேர்களில் பிறந்த இன்னொரு பிள்ளை 'சூப்பர்வைசர்'. விசாவும் வீடியோவும்கூடப் 'பார்த்தல்' வேரின் பேரப்பிள்ளைகள்தாம். வேரை மட்டும் பார்த்தால் சர்வே என்பது மேற்பார்வை. ஆனால் அந்தச் சொல்லை நாம் சூப்பர்வைசருக்குக் கொடுத்துவிட்டோம். ஆள்களை வேலை வாங்குபவருக்கு உரியதாகிவிட்ட அதை இனிமேல் திருப்பிக் கேட்க முடியாது.

இனிப் பொருளுக்கு வருவோம். மரைன் சர்வேயர் கடலில் எதையும் அளப்பதில்லை. கடலின் ஆழத்தையும் தரையையும் அளப்பவர் வேறு ஆள். 'கடல் அளவை' என்ற பெயர் அவருக்குத்தான் பொருந்தும். 'கடல்சார் ஆய்வு' என்றால் மீனையும் பாசியையும் ஆராயும் அறிவியல் என்று தோன்றும். இவர் பார்ப்பது படகை. அது எந்த நிலையில் இருக்கிறது, இன்றைக்கு என்ன விலை போகும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதித் தருவதுதான் இவருடைய தொழில். பழைய படகை வாங்குபவர் விலை பேசி முடிக்கும் முன் இவரை அழைப்பார். காப்பீடு கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் கேட்பார்கள். மோதியோ மூழ்கியோ சேதமானால் சேதத்தைக் கணக்கிடவும் இவரே வர வேண்டும். விபத்தில் நசுங்கிய காரைப் பார்க்க வரும் காப்பீட்டு சர்வேயரை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். இவர் அவருடைய கடற்கரைத் தம்பி.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம். பல்லைப் பார்த்து வயதும், சுழியைப் பார்த்து ராசியும், நடக்கவிட்டுக் காலும் பார்ப்பார்கள். படகையும் முதலில் தண்ணீரிலிருந்து வெளியே ஏற்றுவார்கள். அடிப்பகுதியைப் பார்க்காத சர்வே அரை சர்வே. மரப்படகு என்றால் கூர்முனையால் குத்தி, உளுத்த இடத்தையும் கப்பல் புழு துளைத்த இடத்தையும் தேடுவார். இரும்புப் படகு என்றால் மீயொலிக் கருவியை வைத்துத் தகட்டின் கனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார். கண்ணாடியிழைப் படகுக்கு ஈரமானி உண்டு. அதைவிட முக்கியமாக, கையில் ஒரு சிறு சுத்தியல் உண்டு. உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று கேட்டால் சரி; மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

மானாமதுரையில் கடம் வாங்குபவர் செய்வதும் இதைத்தான். இங்கே தமிழ் ஒரு வேடிக்கை செய்கிறது: கலம் என்றால் பானை, கலம் என்றால் கப்பலும். ஆங்கிலத்திலும் பாத்திரத்துக்கும் கப்பலுக்கும் 'வெசல்' என்ற ஒரே சொல்தான். இரண்டையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இரண்டு மொழிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல இருக்கிறது.

படகைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் உரிமை சர்வேயருக்குக் கிடையாது. மூடியிருப்பதைத் திறக்காமல், உடைக்காமல் அறிய வேண்டும். எஞ்சினுக்குப் பெரும்பாலும் தனி ஆள். படகை வாங்குபவர் அழைத்தால் கூலியையும் அவரே கொடுப்பார். விற்பவரோ தரகரோ அனுப்பிய ஆளின் அறிக்கையை நம்பிப் பணத்தைக் கொடுப்பது மாட்டுத் தரகரிடமே பல்லைப் பார்க்கச் சொல்வது போன்றது.

இந்தத் தொழில் நமக்குத் தெரியாமலே நம் கடைப் பலகைகளில் ஏறியிருக்கிறது. லண்டனில் லாயிட் காப்பிக் கடையில் கூடிய வணிகர்கள் 1760இல் ஒரு சங்கம் அமைத்து, 1764இல் கப்பல்களின் பதிவேட்டை அச்சிட்டார்கள். ஒவ்வொரு கப்பலின் உடலுக்கும் ஓர் எழுத்து; நங்கூரம், வடம் முதலிய கருவிகளுக்கும் ஒரு குறி. எழுத்தில் 'ஏ' முதல் தரம். கருவிகளின் குறி பிற்பாடு எண்ணாக மாறியது; அதில் 1 முதல் தரம். இரண்டும் முதல் தரமாக இருந்தால் 'ஏ ஒன்'. ஏ ஒன் பிரியாணி, ஏ ஒன் சலூன் என்று பலகை வைத்தவர்கள் எல்லாம் ஒரு கப்பல் சர்வேயரின் முத்திரையை மாட்டியிருக்கிறார்கள். கப்பல்களுக்குத் தரம் சொல்ல நம் நாட்டிலும் மும்பையில் 1975இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது.

இனித் தமிழ்ச் சொல். கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவது. கருத்துக்கணிப்பு தேர்தலோடு போய்விட்டது. தணிக்கை பேரேட்டோடும் சினிமாவோடும். சோதனை என்றால் இப்போது வருமான வரிக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். என் மனத்துக்கு மிகவும் பிடித்த சொல் 'நோட்டம்'. நாணயத்தைப் பார்த்து நல்லதா, செல்லாததா என்று சொல்வது நோட்டம். அதைச் செய்பவர் நோட்டக்காரர். பார்வையும் மதிப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சர்வேக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. ஆனால் இன்று நோட்டம் விடுபவன் திருடன். 'படகை நோட்டம் விட்டார்' என்று நீதிமன்றத்தில் எழுதினால் முதலில் கைதாகிறவர் சர்வேயராகத்தான் இருப்பார்.

அறிக்கையின் கடைசிப் பகுதிக்கு மட்டும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. படகைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் 'சீ ட்ரையல்' கட்டத்துக்கு யாரோ 'கடல் விசாரணை' என்று எழுதியிருந்தார்கள். கடலைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்! தேருக்கும் கப்பலுக்கும் நம்மிடம் வெள்ளோட்டம் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத் தெப்பத்துக்கு முன்னதாகத் தெப்பத்தை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு 'முட்டுத் தள்ளுதல்' என்று தனிப் பெயரே உண்டு. அம்மனும் சுவாமியும் ஏறுவதற்கு முன் அது தட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுகிறோம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த பிறகு, கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்தால் படகு தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. 2021இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் சர்வே சான்றிதழை வலியுறுத்துகிறது.

கடைசியில் 'கல ஆய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். கடல் இல்லை, அளவை இல்லை, சுருக்கமாகவும் இருக்கிறது. மதிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கல நிலை, மதிப்பு ஆய்வு'. சர்வேயர் 'கல ஆய்வர்'. மறுநாள் தட்டச்சாகி வந்த பிரதியைப் பார்த்தேன். பதினோரு இடத்திலும் 'கள ஆய்வு' என்று திருத்தி, பிழையைச் சரிசெய்துவிட்டதாகத் தட்டச்சு செய்தவர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் 'படகாய்வு', 'படகாய்வர்' என்று எழுதினேன். அதை யாரும் திருத்தவில்லை.