ஆப்பை அழித்தால் சந்தா அழியாது

"ஆப்பைத்தான் அழித்துவிட்டேனே, இன்னும் ஏன் காசு போகிறது?"

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தோ, ஃபீனிக்ஸோ, டொங்காட்டோ, ஃபோன் பழுதுபார்க்கும் மேசையில் இந்தக் கேள்வி வந்து விழாத வாரம் கிடையாது. புரட்டாசி விரதம் தொடங்கினால் பஞ்சாங்க ஆப், தைப்பூசம் நெருங்கினால் பக்திப் பாடல் ஆப், பள்ளி லீவு விட்டால் பிள்ளைகளின் விளையாட்டு. 'மூன்று நாள் இலவசம்' என்று இறக்கியிருப்பார்கள். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் வரிசையாக நான்கு கழிவு. (அந்தப் பஞ்சாங்கங்கள் பலவும் சென்னைக்குக் கணித்தவை. டர்பன் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே சூரியன் உதிக்கிற நேரமும் வேறு. காசையும் கொடுத்து, ராகு காலத்தையும் தப்பாகப் பார்க்கிறோம்.)

ஆப் என்பது உங்கள் ஃபோனில் இருக்கிற ஒரு சரக்கு. சந்தா ஃபோனிலேயே இல்லை. அது கூகுளிடமோ ஆப்பிளிடமோ உங்கள் பெயரில் இருக்கும் கணக்கில் எழுதிவைத்த சம்மதம்: இந்தக் கார்டிலிருந்து, இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை ராண்டு எடுத்துக்கொள் என்று. ஆப்பை அழித்தால் சரக்கு போகும், சம்மதம் போகாது. வாசலில் விழுகிற பேப்பரை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டால் பேப்பர்காரர் மாதக் காசு கேட்காமல் இருப்பாரா? ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அப்படித்தான். ஃபோன் கடலில் விழுந்தாலும் அப்படித்தான். சிம்மை மாற்றினாலும் கார்டில் போகிற சந்தா நிற்காது. ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியும் அல்லவா? ஆப்பைப் பிடுங்கிய பிறகுதான் வால் மாட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் ஃபோன் சொல்லத்தான் செய்கிறது. சந்தா ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை ஐஃபோனில் அழித்தால், சந்தாவை வைத்துக்கொள்ளவா என்று ஒரு பெட்டி எழும்பும். ப்ளே ஸ்டோரிலும் எச்சரிக்கை வரும். எரிச்சலில் இருக்கிற விரல் அதைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறது.

ஆகவே முதல் வேலை, காசை யார் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. எந்த ஆப் என்பது அப்புறம். ஸ்டேட்மென்ட்டில் 'ஆப்பிள் டாட் காம் பில்' என்று இருந்தால் ஆப்பிள் வழி. 'கூகுள்' என்று எழுதி நட்சத்திரக் குறிக்குப் பின் ஏதோ பெயர் இருந்தால் ப்ளே ஸ்டோர் வழி. நேரடியாக நிறுவனத்தின் பெயரே இருந்தால் அவர்களுடைய இணையதளத்தில் கார்டு கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டோரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அந்தத் தளத்துக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். பேங்கில் ஒன்றுமே இல்லை, ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்து வைத்த காசான ஏர்டைம்தான் கரைகிறது என்றால் அது வேறு விவகாரம், கீழே வருகிறேன்.

ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. வேண்டாததைத் தொட்டு 'கேன்சல்' கொடுங்கள். நடுவில் காரணம் கேட்கும், 'பாஸ்' செய்து வைக்கலாமே என்று ஆசை காட்டும். பாஸ் என்றால் கொஞ்ச நாள் தூங்கிவிட்டுத் தானே எழுந்து மறுபடி காசு எடுப்பது. கடைசித் திரைவரை போய், எந்தத் தேதியோடு முடிகிறது என்று காட்டுகிறதா பாருங்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பட்டியல் காலியாக இருக்கிறதா? உடனே "ஒன்றுமில்லை" என்று மூடிவிடாதீர்கள். பெரும்பாலும் தப்பான கணக்கில் நிற்கிறீர்கள். ஃபோன் வாங்கிய கடைப் பையன் அவசரத்தில் ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பான், அடுத்த ஃபோனுக்கு மகன் இன்னொன்று திறந்திருப்பான். சந்தா பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மெயிலும் ரசீதும் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் குவிந்துகொண்டிருக்கும். மேலே உள்ள படத்தைத் தொட்டு ஒவ்வொரு கணக்காக மாற்றிப் பாருங்கள். 'ஜிபிஏ' என்று தொடங்கும் ஆர்டர் எண் எந்த மெயில் பெட்டியில் கிடக்கிறதோ, அந்தக் கணக்குதான். சாம்சங் ஃபோனில் கேலக்ஸி ஸ்டோரும், ஹுவாவேயில் ஆப்கேலரியும் தனித்தனிக் கடைகள். அங்கே வாங்கியது ப்ளே ஸ்டோரில் தெரியாது.

ஐஃபோனில் 'செட்டிங்ஸ்', மேலே உங்கள் பெயர், 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. இங்கே ஒரு கண்ணி: இலவச நாட்கள் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். கடைசி நாள் மாலை ஞாபகம் வந்தால் தாமதம்தான். இறக்கிய அன்றைக்கே நிறுத்திவிடுவதுதான் புத்தி. ஆப்பிளின் சொந்தச் சேவைகள் சில, நிறுத்தியதும் மூடிக்கொள்ளும். மற்ற ஆப்கள் பெரும்பாலும் இலவச நாள் முடியும்வரை ஓடும். ஃபேமிலி ஷேரிங்கில் வாங்கும் செலவைப் பகிர்ந்திருந்தால், பிள்ளை வாங்கியதும் குடும்பத் தலைவரின் கார்டில்தான் விழும்.

விலையைப் படிக்கும்போது எண்ணைப் பார்க்கிறோம், பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் பார்ப்பதில்லை. 99 ராண்டு என்றால் மாதத்துக்கு என்று மனசு தானே நினைத்துக்கொள்கிறது. அங்கே 'வாரம்' என்று இருக்கும். ஆண்டுக்கு 52 வாரம், 5,148 ராண்டு. டார்ச் லைட்டுக்கும், கியூஆர் கோடு படிக்கவும், கைரேகை ஜோசியத்துக்கும்! கியூஆர் கோடை உங்கள் கேமராவே படிக்கும், ஐயா. இந்த வகை ஆப்களுக்கு 'ஃப்ளீஸ்வேர்' என்று 2019இல் சோஃபோஸ் நிறுவனம் பெயர் வைத்தது, ஆட்டின் ரோமத்தை மொட்டையாகச் சிரைக்கிற மாதிரி. இவற்றில் வைரஸ் இருப்பதில்லை. விலையும் எங்கோ எழுதித்தான் இருக்கும். அதனால்தான் வாதாடி ஜெயிப்பது கஷ்டம். 2018இல் இன்னொரு தந்திரம் வந்தது: கலோரி கணக்கிட விரலை வை என்று ஐஃபோன் பட்டனில் கைரேகை வைக்கச் சொல்லி, அதே நொடியில் 100 டாலருக்கு மேல் சம்மதம் வாங்கிய ஆப்கள். ஆப்பிள் அவற்றை நீக்கிவிட்டது. ஆனால் காரணம் தெரியாமல் விரல் கேட்கும் திரைக்கு விரல் கொடுக்கக் கூடாது என்பது இன்றைக்கும் பொருந்தும்.

இனி ஏர்டைம். "என்னிடம் கார்டே இல்லை, என்னிடமிருந்து எப்படி எடுப்பார்கள்?" என்று கேட்கிற ஆயாக்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ப்ரீபெய்ட் ஏர்டைமே ஒரு பணப்பை. மொபைல் டேட்டாவில் ஒரு விளம்பரத்தைத் தொட்டால், உங்கள் எண் என்னவென்று நெட்வொர்க்குக்கு ஏற்கெனவே தெரியும். எண்ணைத் தட்டச்சு செய்யவே வேண்டாம், ஒரு பட்டன், உறுதிசெய்ய இன்னொரு பட்டன், முடிந்தது. வைஃபையில் இருந்தால் எண்ணைக் கேட்டாக வேண்டும், அங்கேயே பலர் சுதாரித்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு 7 ராண்டு என்பது பார்க்கச் சின்னதுதான். மாதத்துக்கு 210 ராண்டு, அதுவும் முதியோர் உதவித்தொகையிலிருந்து.

இப்படி ஏர்டைமில் காசு எடுக்கும் 'கன்டென்ட்' சேவைகளிலிருந்து வரும் எஸ்எம்எஸ், 3 அல்லது 4இல் தொடங்கும் ஐந்திலக்க எண்ணிலிருந்து வரும். அதற்கு 'ஸ்டாப்' என்று ஆங்கில எழுத்தில் பதில் அனுப்புங்கள். வோடகாமில் *135*997# அழைத்தால், எம்டிஎன்னில் *136*5# அழைத்தால், உங்கள் எண்ணில் என்னென்ன ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டும், அங்கேயே நிறுத்தலாம். மற்ற நெட்வொர்க்குகளில் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "என் எண்ணில் உள்ள எல்லா கன்டென்ட் சேவையையும் நிறுத்தி, இனி வராதபடி தடை போடுங்கள்." இரண்டாவது பாதியை மறக்காதீர்கள், நிறுத்துவது வேறு, தடை போடுவது வேறு. ஐந்திலக்க எண் யாருடையது என்று தெரியாவிட்டால் 'வாஸ்பா' இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். இந்தச் சேவை நிறுவனங்களுக்காக 2004இல் அமைந்த சங்கம் அது. புகாரும் அங்கேயே எழுதலாம்.

ஆனால் கரைகிற ஏர்டைம் எல்லாம் சந்தா அல்ல. முன்கடனாக வாங்கிய ஏர்டைம், அடுத்த ரீசார்ஜில் கழியும். டேட்டா பண்டில் முடிந்தபின் ஏர்டைமை எடுக்க, 2019 முதல் உங்கள் சம்மதம் வேண்டும்; அந்தச் சம்மதத்தை என்றோ கொடுத்துவிட்டு மறந்திருப்பீர்கள். முதலில் இவை இரண்டையும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.

நீங்கள் எதையுமே தொடவில்லை, நிறுத்த நிறுத்தப் புதிது முளைக்கிறது என்றால் ஃபோனுக்குள் ஆள் இருக்கிறான். 'ஜோக்கர்' என்ற வகைத் தீய ஆப் தானே சந்தாப் பக்கத்தைத் திறந்து, வரும் எஸ்எம்எஸ்ஸைத் தானே படித்து உறுதி செய்துவிடும். இந்த வகையில் 1,700 ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' என்று தேடுங்கள், ஃபோனுக்கு வரும் அறிவிப்புகளைப் படிக்க எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று காட்டும். கீபோர்டு, வால்பேப்பர், எமோஜி ஆப்களுக்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க என்ன வேலை? அந்த அனுமதியை எடுத்துவிட்டு, ஆப்பையும் அழித்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆப்பை அழிப்பது உதவும். அப்போதும் ஓடுகிற சந்தாவைத் தனியாக நிறுத்தத்தான் வேண்டும்.

பேங்குக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது டெபிட் ஆர்டர் (பேங்க் கணக்கிலிருந்தே காசு எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதி) அல்ல, கார்டுச் செலவு. பேங்க் ஆப்பில் டெபிட் ஆர்டர் பட்டியலில் தேடினால் இருக்காது. கவுன்டரில் "டெபிட் ஆர்டரை நிறுத்துங்கள்" என்று கேட்டால் அவர்கள் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். கார்டையே மாற்றினால்? விசாவும் மாஸ்டர்கார்டும் புது எண்ணை வியாபாரிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. உங்கள் பேங்க் அதில் சேர்ந்திருந்தால் சந்தா புதுக் கார்டுக்கும் பின்னாலேயே வரும். கார்டில் காசு இல்லாமல் விட்டுவிட்டால், ஆப்பிள் கணக்கில் பாக்கி நின்று, இலவச ஆப்பைக்கூடப் புதுப்பிக்க முடியாமல் போகலாம்.

போன காசைக் கேட்க வேண்டுமா, அன்றைக்கே கேளுங்கள். கூகுளில் 48 மணி நேரத்துக்குள் ப்ளே இணையதளத்தின் ஆர்டர் வரலாற்றிலிருந்தே கேட்கலாம். அதற்குப் பிறகு ஆப் செய்தவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆப்பிளுக்கு 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கம். சட்டம் பேசுகிறவர்கள், தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் 44ஆம் பிரிவில், வாங்கியதை வேண்டாம் என்று ரத்து செய்ய ஏழு நாள் அவகாசம் தருகிறதே என்பார்கள். தருகிறது. ஆனால் உங்கள் சம்மதத்தோடு அந்த ஏழு நாளுக்குள்ளேயே தொடங்கிவிட்ட சேவைக்கு அது பொருந்தாது என்று 42ஆம் பிரிவு சொல்கிறது. ஆப் சந்தா தட்டிய நொடியில் தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகள் கையில் ஃபோன் போகும் வீடுகளில் இன்றே செய்ய வேண்டியது ஒரு ஐந்து நிமிட வேலை. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்': ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். ஐஃபோனில் 'ஸ்க்ரீன் டைம்', 'கன்டென்ட் அண்ட் ப்ரைவசி', அதில் ஆப்புக்குள் வாங்குவதற்கு அனுமதி இல்லை என்று போடுங்கள். பிள்ளையின் கைரேகையை உங்கள் ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறீர்களே, அதையும் எடுங்கள். அது விளையாட்டுக்கு மட்டும் திறக்கிற சாவி அல்ல. ப்ளே ஸ்டோரில் பேமென்ட் முறைகளைத் திறந்து பாருங்கள், கார்டே கொடுக்காத வீட்டிலும், ஃபோன் பில்லிலோ ஏர்டைமிலோ காசு எடுக்கும் நெட்வொர்க் பில்லிங் சேர்ந்திருக்கலாம்; மாதக் கடைசியில் பில் கட்டும் காண்ட்ராக்ட் எண் என்றால் தொகை மாதக் கடைசி பில்லில்தான் முகம் காட்டும். சந்தா கட்டியே ஆக வேண்டியவர்கள், பேங்க் ஆப்பில் ஒரு வர்ச்சுவல் கார்டு எடுத்து, சின்ன வரம்பு வைத்து, அதை மட்டும் கொடுங்கள்.

பழைய ஃபோனை ஆயாவுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து ரீசெட் செய்வதற்கு முன் சந்தாப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட்டை உங்கள் புது ஃபோனுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் ரீசெட் செய்யுங்கள். ஆயாவின் சிம்மைப் போட்டதும், வேறெதையும் தொடுவதற்கு முன், நெட்வொர்க்கைக் கூப்பிட்டுத் தடை போடச் சொல்லுங்கள்.